கோப்பை எப்போது, வரி எப்போது: கடலூர் டீக்கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாரத்தில் ஆறு நாள் ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்கெழுதுகிறேன். ஏழாவது நாள் காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பசங்களுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுக்கிறேன். இரண்டும் ஊருக்குத் தெரியும். அதனால் மஞ்சக்குப்பத்தில் டீ குடிக்க நின்றால் போதும், ஒருவர் "சென்னையின் எஃப்.சி. என்னாச்சு?" என்பார், அடுத்தவர் "அமெரிக்கா வரி என்னாச்சு?" என்பார். டீ ஆறிப்போகிறது. அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைத்துவிட்டேன்.

அண்ணா, சென்னையின் எஃப்.சி. இந்த சீசனாவது கோப்பை வாங்குமா?

வாங்காது என்று நினைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பார் தம்பி. வாங்கிவிட்டால் கடையில் இருக்கும் எல்லாருக்கும் என் கணக்கில் டீ.

2015 ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டத்தை மறக்க முடியாது. கோவா அணியின் சொந்த மைதானம். 87ஆவது நிமிடத்தில் 2-1 என்று பின்தங்கியாயிற்று. பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்தே போய்விட்டார்கள். அதன் பிறகு எதிரணி கோல்கீப்பர் கைபட்டு ஒரு கோல், மெண்டோசா அடித்தது ஒன்று, 3-2. 2018 மார்ச்சில் பெங்களூருவில் போய் பெங்களூரையே 3-2 என்று வென்றார்கள். 2020 மார்ச்சில் ஆளில்லாத அரங்கில் ஏ.டி.கே.யிடம் 3-1 தோல்வி. அதோடு சரி. அடுத்த மூன்று சீசனும் வரிசையாக எட்டாம் இடம். 2023-24ல் ஆறாம் இடம் பிடித்து பிளேஆஃப் பார்த்தோம். 2024-25ல் 13 அணிகளில் 11ஆவது.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு "சாம்பியன்" என்று பேனர் அடிக்க எனக்குக் கை வராது. முதல் ஆறில் வரட்டும், தமிழ்நாட்டுப் பையன் இரண்டு பேராவது வாராவாரம் முதல் பதினொன்றில் இறங்கட்டும். என் ஆசை இவ்வளவுதான். இதுவே பெரிய ஆசைதான்.

நம்பிக்கை இல்லேன்னா அப்புறம் என்ன ரசிகன்?

நம்பிக்கை இருக்கிறது. கையிருப்பும் தெரியும். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிறவனிடம் இரண்டையும் குழப்பச் சொல்லாதீர்கள்.

கடலூர்ல உக்காந்துக்கிட்டு மான்செஸ்டர் யுனைடெட்டா?

1999 மே 26. கேபிள் டி.வி. இருந்த ஒரே வீட்டில் பதினேழு பேர். பேயர்ன் மியூனிக் 1-0 என்று முன்னால் நிற்கிறது, 90 நிமிடம் முடிந்துவிட்டது, கூடுதல் நேரத்தில் ஷெரிங்ஹாம் ஒன்று, சோல்ஷர் ஒன்று. அந்த வயதில் அதைப் பார்த்தவனுக்கு வேறு வழி கிடையாது.

ஆனால் இன்றைய நிலவரம் என்ன? கடைசியாக லீக் பட்டம் வாங்கியது 2012-13ல். 2024-25ல் 15ஆவது இடம், 42 புள்ளி. 2005ல் கிளேசர் குடும்பம் கிளப்பைக் கடன் வாங்கி வாங்கியது, அந்தக் கடனைக் கிளப்பின் தலையிலேயே கட்டியது. இருபது வருஷமாக வட்டி கட்டுகிற வீட்டில் ஒரு லட்சம் பேர் உட்காரும் புது அரங்கம் கட்டப் போவதாக 2025 மார்ச்சில் படம் காட்டினார்கள். ஜமீன் போன பிறகும் வில்வண்டி பூட்டுகிற வீடுகளை நம் மாவட்டத்தில் பார்த்திருக்கிறோமே, அப்படி. முதல் நான்கில் வந்தால் மகிழ்ச்சி, எட்டில் முடித்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஐ.எஸ்.எல். ஏன் நின்னு போச்சு? யார் தப்பு?

இது கொஞ்சம் நீளும், உட்காருங்கள்.

2010ல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகளை ஒரே கூட்டாளியிடம் 15 வருஷத்துக்குக் கொடுத்தது. மொத்தம் 700 கோடி ரூபாய். அந்த ஒப்பந்தத்திலிருந்துதான் 2014ல் ஐ.எஸ்.எல். பிறந்தது. ஒப்பந்தம் 2025 டிசம்பர் 8 அன்று முடிகிறது என்பது கையெழுத்திட்ட நாளிலிருந்தே தெரியும். புதுப்பிக்காமல் இழுத்தார்கள், வழக்கு உச்ச நீதிமன்றத்தில் கிடந்தது, 2025 ஜூலையில் சீசனை நிறுத்தி வைப்பதாகக் கூட்டாளி சொல்லிவிட்டார். சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தின, நம் சென்னையும் அதில் ஒன்று. புதிய கூட்டாளிக்கு டெண்டர் விட்டால் நவம்பரில் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. கடைசியில் 2026 பிப்ரவரி 14 அன்று சுருக்கிய சீசன் தொடங்கியது: 14 அணிகள், எதிரெதிரே ஒரே ஒரு முறை, மொத்தம் 91 ஆட்டங்கள்.

யார் தப்பு என்பதைவிட எனக்கு உறுத்தியது வேறு. நாட்டின் மொத்தக் கால்பந்தும் ஒரே ஒரு வாங்குகிறவரை நம்பி நின்றது. அவர் கையை எடுத்ததும் எல்லாம் உட்கார்ந்துவிட்டது. இதைப் படித்த அன்று அலுவலகத்தில் என் மேசையில் கிடந்த காகிதமும் அதே கதையைத்தான் சொன்னது. அடுத்த பதில் அதுதான்.

அமெரிக்கா வரி போட்டா பரங்கிப்பேட்டை இறால் குட்டைக்கு என்ன?

2024-25ல் இந்தியா ஏற்றுமதி செய்த கடல் உணவின் மதிப்பு 62,408 கோடி ரூபாய். அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உறைய வைத்த இறால். அந்த இறாலுக்குப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. 2025 ஆகஸ்ட் 7 முதல் இந்தியப் பொருட்களுக்கு 25 சதவீத வரி, ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி 27ஆம் தேதி முதல் இன்னொரு 25. இறாலுக்கு ஏற்கெனவே இருந்த குவிப்புத் தடுப்பு வரி (மலிவு விலைக்குக் கொண்டுவந்து கொட்டுவதைத் தடுக்க), மானிய எதிர் வரி (நம் அரசு தரும் மானியத்தை ஈடுகட்ட) இரண்டும் தனி. அதே நேரம் எக்வடார் இறாலுக்கு 15 சதவீதம், வியட்நாமுக்கு 20, இந்தோனேசியாவுக்கு 19. அதே வனாமி ரக இறால், அதே அளவு, பொட்டலத்தில் ஊர்ப் பெயர் மட்டும் வேறு.

வரி கட்டுகிறவர் அமெரிக்க இறக்குமதியாளர் என்றுதான் புத்தகத்தில் இருக்கும். நடப்பில் அவர் எங்கள் முதலாளிக்கு போன் போட்டு "விலையைக் குறை" என்பார். முதலாளி ஏஜென்டிடம் சொல்வார். ஏஜென்ட் குட்டைக்காரரிடம் 40 கவுன்ட் இறாலுக்கு, அதாவது கிலோவுக்கு 40 நிற்கிற இறாலுக்கு, நேற்றைய விலை கிடையாது என்பார். தீவன பாக்கி இருக்கிறவர் அந்த விலைக்கே பிடித்துக் கொடுப்பார், வேறென்ன செய்வார். அடுத்த வாரம் இறால் உரிக்க வரும் பெண்களில் பாதிப் பேருக்கு "நாளைக்குச் சொல்றோம்" என்று பதில். வாஷிங்டனில் போட்ட கையெழுத்து கிள்ளைக்கும் முடசல் ஓடைக்கும் வந்து சேர இரண்டு வாரம் ஆகிறது. நான் எழுதிய பேரேட்டில் பார்த்தது இது.

2026 பிப்ரவரியில் வரியைக் குறைப்பதாக அறிவித்தார்கள். நல்லது. ஆனால் ஒரு மனிதரின் மனநிலைக்கேற்ப ஏறி இறங்கும் வரியை நம்பி யார் புதுக் குட்டை வெட்டுவார்?

அமெரிக்கா இல்லேன்னா வேற நாட்டுக்கு வித்துட வேண்டியதுதானே?

ஸ்ட்ரைக்கருக்கு அடிபட்டால் கோல்கீப்பரை முன்னால் அனுப்பு என்கிற மாதிரியான யோசனை. ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டுமானால் ஆலைக்கு அவர்கள் ஒப்புதல் வேண்டும். ஆன்டிபயாடிக் சோதனை கடுமை, இந்தியப் பண்ணை இறாலில் பாதிச் சரக்கைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஜப்பான்காரர் தரம் பார்ப்பார், அளவு பார்ப்பார், ஒரு வருஷம் பழகிய பிறகுதான் பெரிய ஆர்டர் தருவார். சீனா வாங்கும், விலை கம்மி.

இதெல்லாம் முடியாத காரியமில்லை, செய்ய வேண்டிய காரியம்தான். ஆனால் நல்ல காலத்தில் செய்திருக்க வேண்டும். அமெரிக்க ஆர்டர் குவிந்தபோது "எதுக்கு சார் அவ்வளவு டெஸ்ட்" என்று ஒதுக்கியவர்கள் இப்போது ஆய்வகத்துக்கு ஓடுகிறார்கள். (என் முதலாளி இதைப் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஒப்பந்தப் பேச்சு முடிந்ததாக 2026 ஜனவரி 27 அன்று அறிவித்தார்கள். அறிவிப்பு வேறு, அமல் வேறு.

பிரிட்டனோட ஒப்பந்தம் போட்டாச்சே, யுனைடெட் ஜெர்சி விலை குறையுமா?

குறையாது. ஜெர்சியைத் திருப்பி உள்ளே தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். தாய்லாந்து, வியட்நாம், கம்போடியா என்று இருக்கும். கிளப் இங்கிலாந்துடையது என்பதால் சட்டை இங்கிலாந்துப் பொருளாகிவிடாது. ஒப்பந்தச் சலுகை பொருள் எங்கே உருவானது என்பதைப் பார்த்துத்தான் வரும். அது போக, 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆடைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதற்குள் இருந்தால் 5. அசல் ஜெர்சி எந்தப் பக்கம் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாண்டி சண்டே மார்க்கெட்டில் வாங்கியதை நான் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டாம்.

2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தின் பலன் வேறு திசையில். இங்கிருந்து போகும் துணிக்கு அங்கே 12 சதவீதம் வரை இருந்த வரி பூஜ்யமாகும், அது திருப்பூருக்கு நல்ல சேதி. காலணிக்கு 16 வரை இருந்தது, அதுவும் போகும். அங்கிருந்து வரும் விஸ்கிக்கு நாம் போட்ட 150 சதவீதம் 75 ஆகி, பத்து வருஷத்தில் 40 ஆகும். இந்தப் பகுதியை மட்டும் பாண்டிச்சேரி நண்பர்கள் வரிவிடாமல் படித்து வைத்திருக்கிறார்கள்.

வெள்ளைக்காரரோடு ஒப்பந்தம் என்றால் எங்கள் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. பசங்கள் பந்து உதைக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் புனித டேவிட் கோட்டை. 1690ல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடம் அதை விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்கும் நிலமும் சேர்த்தி என்று பேச்சு. எந்த பீரங்கி என்று விற்றவர் கேட்டு வைக்கவில்லை போலிருக்கிறது. குண்டு போன தூரத்தில் இருந்தவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் வந்தது. பசங்களிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அன்றிலிருந்து "கோல்கிக் விழுற வரைக்கும் எங்க ஏரியா" என்று பக்கத்து டீமை விரட்டுகிறார்கள்.

நல்ல பூட்ஸ் ஏன் கடையிலயே கிடைக்கல?

2020 பட்ஜெட்டில் காலணி இறக்குமதி வரி 25லிருந்து 35 சதவீதம் ஆனது. வரியாவது பரவாயில்லை, பணம் கட்டினால் பொருள் வரும். 2024 ஆகஸ்ட் 1 முதல் காலணிகளுக்கு பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரை கட்டாயம் என்ற தர ஆணை வந்தது. வெளிநாட்டுத் தொழிற்சாலை என்றால் இங்கிருந்து அதிகாரி போய்ப் பார்த்து உரிமம் தர வேண்டும். போகாத ஊர்த் தொழிற்சாலையின் பூட்ஸ் இங்கே வராது. புது மாடல்கள் ஆன்லைனில் படமாக மட்டும் வரும்.

இதில் நான் முழு எதிரியில்லை. ஆணையும் வரியும் சேர்ந்துதான் தைவான் கம்பெனிகளைத் தமிழ்நாட்டுக்குள் உட்கார வைக்கின்றன. செய்யாற்றில் ஃபெங் டே ஆலை நைக்கிக்குக் காலணி தைக்கிறது. பக்கத்து மாவட்டத்தில், உளுந்தூர்பேட்டையில், பௌ சென் 2,302 கோடி ரூபாயில் ஆலை போட 2023ல் ஒப்பந்தமானது, 20,000 பேருக்கு வேலை என்கிறார்கள், பெரும்பாலும் பெண்களுக்கு. பண்ணுருட்டிப் பக்கத்துப் பெண் பஸ் ஏறிப் போய் பூட்ஸ் தைத்துச் சம்பளம் வாங்குவாள் என்றால், என் பசங்கள் ஒரு வருஷம் புது மாடலுக்குக் காத்திருக்கட்டும்.

ஆனால் பந்தாடுகிற ஸ்டட் பூட்ஸும் ஆபீஸுக்குப் போடுகிற ஷூவும் ஒரே ஆணையில் மாட்டியது அநியாயம். ஆட்டக்காரனுக்கு இங்கே மாற்றுப் பொருள் இன்னும் உருவாகவில்லை. மாற்று வருமுன் கதவைச் சாத்தியதுதான் என் குறை.

பந்தாவது நம்ம நாட்டுதா?

ஆமாம், அநேகமாக ஜலந்தர். உலகத்தின் கையால் தைத்த பந்துகளில் பெரும்பங்கு பாகிஸ்தானின் சியால்கோட்டில் செய்தது. 2014 உலகக் கோப்பையின் பிரசுகா பந்தும் அங்கிருந்து போனது. 1947ல் பிரிவினை வந்தபோது சியால்கோட்டிலிருந்து கிளம்பிய தொழில்காரர்கள் ஜலந்தரிலும் மீரட்டிலும் கடை போட்டார்கள். எல்லைக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் ஒரே கைவேலை, 32 துண்டுத் தோலையும் ஒரே மாதிரி ஊசி போட்டு இழுப்பார்கள். புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு 2019 பிப்ரவரியில் பாகிஸ்தான் பொருளுக்கு 200 சதவீத வரி போட்டோம், 2025 மே மாதத்தில் இறக்குமதியே தடை. அதனால் நிவியா, காஸ்கோ என்ற நம் நாட்டுப் பந்துகள்தான். குறையொன்றுமில்லை. 2025 செப்டம்பரில் விளையாட்டுப் பொருட்களுக்கு ஜி.எஸ்.டி. 12லிருந்து 5 ஆனதில் பந்து விலையும் கொஞ்சம் இறங்கியது.

வெளிநாட்டு ஆட்டக்காரங்களைக் குறைச்சாதானே நம்ம பையங்க வருவாங்க?

இந்தக் கேள்விக்காகத்தான் மொத்தத்தையும் எழுத உட்கார்ந்தேன். இது கால்பந்துக் கேள்வி மாதிரி தெரியும், ஆனால் சுங்கவரிக் கேள்விதான்.

2014ல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம். 2017ல் ஐந்தாக்கினார்கள், 2021ல் நான்கு. அதாவது இறக்குமதி அளவைப் படிப்படியாகக் குறைத்து உள்ளூர்ச் சரக்குக்கு இடம் ஒதுக்கினார்கள். பலன்? டிஃபென்ஸில் நம் ஆட்கள் வந்தார்கள், கோல்கீப்பர்கள் வந்தார்கள். ஸ்ட்ரைக்கர் வரவில்லை. ஏனென்றால் மீதி நான்கு இடத்தில் கிளப்புகள் முதலில் வாங்குவது கோல் அடிக்கிறவனைத்தான். 2024-25ல் அதிக கோல் மொராக்கோக்காரர் அஜராயி, 23. இந்தியர்களில் அதிகம் யார்? சுனில் சேத்ரி, 14. இந்திய அணியிலிருந்து ஓய்வு பெற்றுப் பிரிவுபசாரமும் முடிந்த ஆள். அப்போது வயது 40.

வரிச் சுவர் கட்டினால் உள்ளே தொழில் வளரும் என்பது பாதி உண்மை. அம்பாசிடர் காரை நினைத்துப் பாருங்கள். சுவருக்குள் போட்டியே இல்லாததால் 1958ல் வந்த வண்டி கிட்டத்தட்ட அதே உருவத்தோடு 2014 வரை ஓடியது. அதே சுவர்தான் 1996ல் ஹூண்டாயை இருங்காட்டுக்கோட்டைக்கும் கூட்டி வந்தது, வெளியே செய்து கொண்டுவந்தால் வரி கட்டி மாளாது என்று. ஒரே சுவர், இரண்டு விளைவு. வித்தியாசம் எங்கே? இரண்டாவது முறை உள்ளே நாலு பேரை மோத விட்டார்கள், சின்னச் சின்ன உதிரிபாகக்காரர்கள் ஆயிரம் பேர் ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி முளைத்தார்கள்.

கால்பந்தில் அந்த உதிரிபாகக்காரர்கள் யார்? பதினொரு வயதுப் பையனுக்கு வருஷத்துக்கு முப்பது ஆட்டமாவது ஆடக் கொடுக்கிற மாவட்ட லீக். அது இல்லாமல் வெளிநாட்டவர் எண்ணிக்கையை நான்கிலிருந்து மூன்றாக்கினால் என்ன, பூஜ்யமாக்கினால் என்ன? உள்ளூர் வீரர்களின் விலைதான் ஏறும், ஆட்டம் ஏறாது. இங்கிலாந்தும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறது. பிரெக்ஸிட் வந்தபின், 2021 முதல், 18 வயதுக்குக் குறைந்த வெளிநாட்டுப் பையனை அங்குள்ள கிளப் எடுக்க முடியாது, பெரியவர்களுக்கும் மதிப்பெண் போட்டு அனுமதி. ஆனால் அங்கே ஒவ்வொரு கிளப்பின் அகாடமியும் ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. கதவைச் சாத்தினாலும் வீட்டுக்குள் அரிசி இருந்தது. நம் வீட்டில் அடுப்பே இன்னும் மூட்டவில்லை.

என் யோசனை: நான்கு பேர் அப்படியே இருக்கட்டும். மூன்று வருஷத்துக்குள் ஒவ்வொரு கிளப்பும் ஒரு இந்திய ஸ்ட்ரைக்கரைக் களத்தில் இத்தனை நிமிடம் இறக்கியாக வேண்டும் என்று தேதி போட்டுக் கேளுங்கள். தேதி இல்லாத சலுகையை யாரும் திருப்பித் தந்ததில்லை.

நம்ம ஊருக்குன்னு ஒரு கிளப் வராதா? பாண்டிச்சேரி எஃப்.சி., கடலூர் யுனைடெட் மாதிரி?

பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. பெயரும் லோகோவும் முதல் வாரத்திலேயே ரெடியாகிவிடும், அதுதான் எனக்குப் பயம்.

சென்னை சிட்டி என்ற அணி கோயம்புத்தூரில் ஆடி 2018-19ல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கின் பட்டம் வாங்கியது. சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு எடுத்தது. நாங்களெல்லாம் "அடுத்தது ஆசியா" என்று பேசினோம். மூன்று வருஷத்துக்குள் அந்த அணி தேசிய லீக்கிலேயே இல்லை.

உப்பளம் இந்திரா காந்தி மைதானம் இருக்கிறது, கடலூரில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. ஆள் பார்க்க வருவார்கள். ஆனால் வருஷா வருஷம் கோடிகளை இறக்க ஒரு தொழில் வேண்டும். ஒரு காலத்தில் புதுச்சேரியில் அது ஆலையாக இருந்திருக்கும். 1898ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. மில் 2020 ஏப்ரலோடு மூடப்பட்டது. இப்போது ஏ.எஃப்.டி. என்றால் பொருட்காட்சியும் கட்சிக் கூட்டமும் நடக்கிற திடல்தான் பலருக்கு ஞாபகம் வரும். என் மாமனார் அங்கே தறியில் நின்றவர். "மில்லு சாகலப்பா, மெஷின் மாத்தாம சாக விட்டாங்க" என்பார்.

ஆண்கள் கிளப்பை விடுங்கள். பெண்கள் கால்பந்தில் கடலூருக்குச் சொல்லிக்கொள்ள உண்மையாகவே விஷயம் இருக்கிறது. இந்திய அணியின் நடுக்களத்தில் ஆடிய இந்துமதி கதிரேசன் நம் ஊர்ப்பெண், தமிழ்நாடு காவல்துறையில் எஸ்.ஐ. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2017-18லும் 2022-23லும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. செலவு குறைவு, திறமை கைவசம், போட்டி எட்டக்கூடியது. வியாபாரத்தில் இதை "நமக்கு வரும் சரக்கு" என்போம். பத்து லட்சம் வைத்துக்கொண்டு யாராவது என்னிடம் வந்தால் பெண்கள் அணிக்குத்தான் கை காட்டுவேன்.

குரசாவ் மாதிரி குட்டித் தீவே உலகக் கோப்பைக்குப் போகுது, இந்தியா எப்போ?

குரசாவ் மக்கள்தொகை ஒன்றரை லட்சம் சுமார். 2011 கணக்கெடுப்பில் புதுச்சேரி யூனியன் பிரதேசமே 12 லட்சத்துக்கு மேல். கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நெதர்லாந்து அரசின் கீழ் இருக்கிற தீவு, அந்த அணியில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து நெதர்லாந்து அகாடமிகளில் வளர்ந்தவர்கள். நம் சட்டப்படி இந்தியப் பாஸ்போர்ட் இல்லாதவர் இந்தியாவுக்கு ஆட முடியாது, இரட்டைக் குடியுரிமையும் கிடையாது. ரயன் வில்லியம்ஸ் 2025ல் ஆஸ்திரேலியக் குடியுரிமையை விட்டுக்கொடுத்துத்தான் இந்தியச் சட்டை போட்டார்.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கிற குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பாரிஸ் புறநகரில் பந்தாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவன் நாளைக்குப் பெரிய ஆளானால் பிரான்ஸின் நீலச் சட்டைதான் போடுவான். நாம் பாண்டிச்சேரி ரூ சுஃப்ரன் தெருவில் உட்கார்ந்து கைதட்டலாம்.

மற்றபடி எப்போது என்றால்: 2026க்கு ஆசியாவுக்கு எட்டரை இடம் (எட்டு நேரடி, அரை என்பது பிளேஆஃப் வாய்ப்பு) கிடைத்தும் நாம் இரண்டாம் சுற்றிலேயே வெளியே வந்தோம். 2027 ஆசியக் கோப்பைத் தகுதியில் ஹாங்காங்கிடம், சொந்த மண்ணில் சிங்கப்பூரிடம், டாக்காவில் பங்களாதேஷிடம் தோல்வி. பெண்கள் அணி 2025 ஜூலையில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குப் போனது. முதலில் உலகக் கோப்பை பார்க்கப் போவது யார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

1950ல வெறுங்கால்ல ஆட விடலேன்னுதானே உலகக் கோப்பைக்குப் போகல?

கேட்க அழகான கதை. பிரேசிலுக்குக் கப்பலில் போகும் நாள்கணக்கு, ஒலிம்பிக்தான் பெரிது என்ற சம்மேளனத்தின் நினைப்பு, தயாராக நேரமில்லாதது, இவைதான் காரணம். ஆனால் 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர் பலர் வெறுங்காலோடு இறங்கி பிரான்ஸிடம் 2-1 என்று மட்டுமே தோற்றது நிஜம். இரண்டு பெனால்டியை வீணாக்கினார்கள் என்பதும் நிஜம்.

கடைசியா ஒண்ணு கேக்கறேன் சார். நீங்க சுதேசியா, திறந்த சந்தையா?

கட்சி கேட்காதீர்கள். என் சம்பளம் அடுத்த நாட்டுக்காரன் கதவைத் திறந்து வைத்தால்தான் வருகிறது, அதனால் நம் கதவை முழுசாகச் சாத்து என்று சொல்ல எனக்கு வாயில்லை. 2019ல் ஆர்.சி.இ.பி. என்ற ஆசிய-பசிபிக் வர்த்தக ஒப்பந்தத்திலிருந்து விலகியபோது பால்காரர்கள் நிம்மதி அடைந்தார்கள், அது நியாயம். அதே நேரம் வியட்நாம் உள்ளே இருந்துகொண்டு நம் இடத்தில் விற்றுக்கொண்டிருக்கிறது, அதுவும் நடக்கிறது.

ஞாயித்துக்கிழமை என் பையனை அனுப்பறேன். என்ன கொண்டாரணும்?

காலை ஐந்தே முக்காலுக்கு வர வேண்டும், ஏழரைக்கு மேல் மணல் சுடும். தண்ணீர் பாட்டில் ஒன்று. பந்து என்னிடம் ஆறு இருக்கிறது. சொந்தமாக வாங்குவதாக இருந்தால் 12 வயதுக்குள் நான்காம் நம்பர், அதற்கு மேல் ஐந்து. விலை அதிகமானதை வாங்க வேண்டாம், உப்புத் தண்ணீரில் தையல் நூல் மூன்று மாதம்தான் தாங்கும். பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள், இப்போது நான்கு பேர் வருகிறார்கள். காசு வாங்குவதில்லை. பூட்ஸ் வேண்டவே வேண்டாம், கடல் மணலில் வெறுங்கால்தான்.